உப்புச் சேர்ந்த சாப்பாடு

"உப்புப் பட்டது ஒண்டும் வாயில வைக்கப்படாது. தண்ணி குடிக்கலாம். சீனி போட்ட தேத்தண்ணி தந்தா அதையும் குடிக்கலாம். மத்தது எல்லாம் கதைச்சு முடிச்சாப் பொறகுதான்."

பனிச்சங்கேணியில் பஸ் ஏறும்போதே சீதேவிப்பிள்ளை இதைச் சொல்லிவிட்டாள். வாழைச்சேனையில் சனம் இறங்கி இருக்கை கிடைத்ததும் திரும்பவும் சொன்னாள். செங்கலடி தாண்டும்போது, "அந்த ஒழுங்கைக்குள்ளதான் மாப்பிள்ளையிட அக்காட வீடு" என்று யன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காட்டிவிட்டு, அதே மூச்சில் இன்னொருமுறையும் சொன்னாள்.

"ஏன்கா, சின்னப் புள்ளையளுக்குச் செல்லுற மாதிரி" என்றார் அவள் புருசன் கதிர்காமத்தம்பி. "நான் என்ன சோறு காணாதவனா?"

"நீங்கதான் முதல்ல கை வைக்கிற ஆள். புள்ளையளுக்கு இல்ல, உங்களுக்குத்தான் செல்லுறன்."

விடியற்காலையில் வாவிக்குள் இறங்கி வலை வீசிவிட்டு, அரைக்கூடை மீன்கூடத் தேறாமல் வந்து, குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்த மனிதர் அவர். வயிறு காலி. ஆனால் அந்தப் பக்கத்து வழக்கம் அப்படி. சம்பந்தம் முடிவாகும் முன் அடுத்த பகுதியாரின் உப்பைத் தின்றால் சம்மதம் என்று ஆகிவிடும். பிறகு வாயால் மறுத்தாலும் ஊர் ஏற்காது. 'தின்னக்குள்ள தெரியல்லையோ' என்று கேட்கும்.

வழமையாக இந்தக் கட்டுப்பாடு மாப்பிள்ளை பகுதிக்குத்தான். அவர்கள் பெண் வீட்டுக்கு வருவார்கள், தேத்தண்ணியோடு எழும்பிப் போவார்கள். பெண் பகுதி வெளிக்கிட்டுப் போய் மாப்பிள்ளையின் செலவில் மேசையில் இருப்பது சீதேவிப்பிள்ளை கேள்விப்படாத ஒன்று. ஆனால் சுவிசிலிருந்து வந்திருந்த உதயரூபன் அப்படித்தான் கேட்டிருந்தார். ஒருமுறை வீட்டுக்கு வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனவர், மிச்சக் கதையைக் கல்லடியில் புதிதாகத் திறந்திருக்கும் பெரிய இந்தியன் ரெஸ்டூரண்டில் வைத்துக் கதைப்போம் என்று அக்காவிடம் சொல்லி அனுப்பினார். தாய்வழிக் குடி பொருந்தியிருந்தது. சாதகமும் பொருந்தியிருந்தது. பெண்ணுக்கு வயது முப்பத்து நாலு. சாப்பாட்டுக் கடையில் பேசுவது முறையில்லை என்று தட்டிக் கழிக்கும் நிலையில் சீதேவிப்பிள்ளை இல்லை.

மூத்தவள் கஜானி யன்னலோரம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து அனலை அள்ளிக்கொண்டு வந்து முகத்தில் கொட்டியது. யன்னலைச் சாத்தினால் வேர்வை, திறந்தால் புழுதி. அயல் ஊர்க் கலியாணம் ஒன்றுக்குத் தோழிப் பெண்களின் சட்டைகளைத் தைத்துக் கொடுத்து முடித்த கை அது. கொளுக்கி வைத்து வைத்து விரல் நுனி மரத்திருந்தது. இடுப்பில் ஒரு வலி, மெஷினை விட்டு எழும்பினாலும் எழும்பாமல் அங்கேயே குந்தியிருந்தது. பெண் பார்க்க வந்தவர்களின் முன்னால் தேத்தண்ணித் தட்டுடன் நின்ற நாட்களை அவள் எண்ணுவதை விட்டு வெகுகாலமாகிவிட்டது. இந்த முறையாவது ஒரு முடிவு வந்துவிட்டால் போதும், அது எந்த முடிவானாலும் சரி என்று ஓய்ந்திருந்தாள்.

பின்னிருக்கையில் தங்கை கம்சாயினி போனைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு இன்றைய பயணம் அக்காவுக்கு இருந்ததைவிட முக்கியம். வாழைச்சேனையில் வள்ள எஞ்சின் திருத்தும் நிலோஜனும் அவளும் விரும்பியிருந்தார்கள். நிலோஜனின் தாய்க்கும் சம்மதம்தான். ஒரேயொரு கேள்விதான் இடையில் நின்றது. பிள்ளைக்கு வீடு உண்டா?

வீடு ஒன்றுதான் இருந்தது. அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கட்டுகிறவன் அவள் வீட்டுக்கு வந்து இருப்பான். தாய் தகப்பன் பின்வளவில் ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்கி, அடுத்த பெண்ணுக்கு அடுத்த வீட்டைக் கட்டத் தொடங்குவார்கள். கதிர்காமத்தம்பியும் பின்வளவில் அத்திவாரம் வெட்டிக் கல் போட்டார். கல்லுக்கு மேல் இப்போது கீரை படர்ந்திருக்கிறது. மூத்தவளைக் கரையேற்றாமல் இருக்கிற வீட்டை இளையவளுக்கு எழுதுவதென்பது சீதேவிப்பிள்ளை நினைத்தும் பார்க்காத காரியம். அதனால் அக்காளின் சம்பந்தம் முறிய முறியத் தங்கையின் சம்பந்தமும் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது.

ரெஸ்டூரண்டின் கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போனதும் குளிர் முகத்தில் அறைந்தது. பகலிலும் மங்கல் வெளிச்சம். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, அதற்கு அப்பால் வாவி வெயிலில் தகரம் போல் கிடந்தது. கதிர்காமத்தம்பி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டார். கறுப்புச் சட்டையும் கறுப்பு முக்காடும் போட்ட பெண்பிள்ளை ஒன்று ஓடிவந்து, "பரவாயில்ல அங்கிள், செருப்பப் போட்டுக்கு வாங்க" என்றது. சட்டையில் றுமைஸா என்று பெயர் குத்தியிருந்தது.

உதயரூபன் எழுந்து நின்றார். நாற்பதைத் தாண்டியவர். முன்னந்தலையில் முடி இல்லை, ஆனால் பார்வைக்கு அமைதியான மனிதர். பக்கத்தில் அவருடைய அக்கா ஆச்சிப்பிள்ளை, புருசனை இழந்தவர், முழங்காலைத் தடவிக்கொண்டு இருந்தபடியே கைகூப்பினார்.

"எழும்ப ஏலாது தங்கச்சி, குறை நினைக்காதீங்க. இந்தக் கதிரையில இருந்தா ஒரு ஆள் வந்துதான் தூக்கணும்."

"அதுக்கென்னக்கா, இருங்க."

இருந்து மூச்சு விடுவதற்குள் றுமைஸா சின்னச் சின்னக் கண்ணாடிக் குவளைகளில் பச்சை நிறத்தில் எதையோ கொண்டுவந்து வைத்தாள். "வெல்கம் ட்ரிங்க்" என்றாள். பஸ்ஸில் வெந்து வந்த கதிர்காமத்தம்பி சர்பத் என்று நினைத்து ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டார். உடனே முகம் கோணியது.

"கரிக்குது" என்றார் மெதுவாக.

சீதேவிப்பிள்ளை அவர் பக்கம் குனிந்தாள். "முழுங்கிட்டீங்களா?"

"முழுங்காம என்ன செய்ற? இந்த வெள்ளை மேசைச் சீலையில துப்புறதா?"

"உப்பு இரிக்கா?"

"உப்பும் இரிக்கி, உறைப்பும் இரிக்கி. கறி ஆணத்தத் தண்ணி ஊத்திக் கரைச்ச மாதிரி இரிக்கி."

ஆச்சிப்பிள்ளைக்குக் காது நல்ல கூர்மை. அவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தார். "அதக் கணக்கில எடுக்காதீங்க தங்கச்சி. அது குடிக்கிற சாமான்தானே. நானும் முன்னுக்கே சொல்லி வைக்க மறந்துட்டன். இவருக்கு இதுகள் ஒண்டும் தெரியா. பதினெட்டு வயசில போன பொடியன்."

"என்னக்கா?" என்று உதயரூபன் கேட்டார்.

"ஒண்டுமில்ல தம்பி."

அதன்பிறகு சாப்பாடு வரத் தொடங்கியது. எல்லாம் ஒன்றாக வரவில்லை, ஒவ்வொன்றாக வந்தது. கறுப்புப் பீங்கானின் நடுவில் ஒரு உருண்டைப் பூரி, அதன் தலையில் குத்திய சின்னக் குழாயில் புளித்தண்ணி. பிறகு நெருப்பில் வாட்டிய றால், சுற்றிவரத் துளித்துளியாய் மாம்பழக் குழம்பு. பிறகு கண்ணாடிக் கவிப்பால் மூடிய தட்டு ஒன்றைக் கொண்டுவந்து, றுமைஸா கவிப்பைத் தூக்க, உள்ளேயிருந்து புகை எழும்பிப் பரவியது. புகை போன இடத்தில் ஒரு துண்டுக் கோழி இருந்தது.

"மாட்டுக்குப் புகை போட்ட மாதிரி" என்றார் கதிர்காமத்தம்பி.

கம்சாயினி சிரிப்பை அடக்கக் குனிந்தாள். ஆனால் யாரும் கை வைக்கவில்லை. றாலின் மணம் மேசையில் நின்றது. காலையில் தேத்தண்ணியோடு புறப்பட்ட கஜானிக்கும் நல்ல பசி. அவள் கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

றுமைஸா திரும்பி வந்து நின்றாள். மேசையைப் பார்த்தாள், முகங்களைப் பார்த்தாள். "அன்ட்டி, ஏதும் பிழையா? இது முடிஞ்சாத்தான் உள்ளுக்க இருந்து அடுத்தத தருவாங்க."

"பிழை ஒண்டுமில்ல மகள். கொஞ்சம் நில்லுங்க" என்றாள் சீதேவிப்பிள்ளை.

உதயரூபனின் முகம் வாடியது. "ஏன் மாமி, பிடிக்கல்லையா? நான் கேட்டு, யோசிச்சுத்தான் சொன்னன்." தட்டை விரலால் மெதுவாகத் தள்ளினார். "எனக்கு இது ஒரு ஆசை. சூரிச்சில இதே மாதிரி ஒரு இந்தியன் கடையில பின்பக்கம் நிண்டு பீங்கான் கழுவினன், ஊரை விட்டுப்போன நாள் தொடக்கம். இப்ப கொஞ்சம் மேல வந்து மரக்கறி வெட்டுறன். இதே கறுப்புப் பீங்கான். ஆக்கள் தின்னு மிச்சம் வெச்சது வரும், பாப்பன். ஒரு நாளும் முன்பக்கம் இருந்து தின்னல்ல. கலியாணம் பேசுற நாளையில எங்கட ஆக்களோட இப்பிடி இருந்து தின்னணும் எண்டு நினைச்சன்."

கஜானி முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தாள். மேசையில் கிடந்த கைகளைப் பார்த்தாள். சோப்புத் தண்ணியில் ஊறி ஊறித் தோல் வெடித்த கைகள். அவள் வேலைக்குப் போயிருந்த ஜோர்தானில், விடுதியில் சலவைக்கு நின்ற பெண்களின் கைகள் இப்படித்தான் இருந்தன. அவள் மனம் அவர் பக்கம் சற்று இளகியது.

"அப்ப கதைக்க வேண்டியத கதைச்சிடுவம் தம்பி" என்றார் ஆச்சிப்பிள்ளை. "அதுக்குத்தான் காத்திருக்காங்க. சாப்பாடு ஆறுது."

"கதைக்க என்ன இரிக்கி? எனக்கு ஒண்டும் வேணாம் மாமி. நகை வேணாம். வீடும் வேணாம். நான் இஞ்ச இரிக்கப்போறதில்லையே. அந்த வீட்ட தங்கச்சிட பேருக்கு எழுதி விடுங்க, அவக்கும் ஒரு வழி பொறக்கும். கஜானிய நான் உடுத்த உடுப்போட கூட்டிட்டுப் போறன்."

சீதேவிப்பிள்ளை சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. இரண்டு பெண்களையும் ஒரு வீட்டையும் வைத்துக்கொண்டு எத்தனையோ வருசமாய் நெஞ்சில் சுமந்த பாரத்தை, ஒரு மனிதர் ஒரு வாய்ச் சொல்லில் இறக்கி வைத்துவிட்டார். கம்சாயினி மேசைக்குக் கீழே போனை இறுக்கிப் பிடித்தாள். கண் நிறைந்திருந்தது.

"நீங்க நல்லா இரிக்கணும் மகன்" என்றாள் சீதேவிப்பிள்ளை. "இந்தக் காலத்தில ஆரு இப்பிடிச் செல்லுவாங்க."

"அப்ப சாப்பிடுவம்" என்றார் கதிர்காமத்தம்பி.

அவர் பூரியைக் குழாயோடு சேர்த்துத் தூக்கி வாய்க்குள் போட்டு, குழாயைக் கழற்றி எடுத்தார். சீதேவிப்பிள்ளை றாலை இரண்டாகக் கிள்ளி வாயில் வைத்தாள். கம்சாயினி கோழியைப் பிய்த்தாள். ஆச்சிப்பிள்ளை கரண்டியை எடுத்தார். உதயரூபன் எல்லோரும் தின்பதைப் பார்த்துக்கொண்டே தானும் தின்றார், முகம் மலர்ந்திருந்தது. றுமைஸா ஓடி ஓடிக் கொண்டுவந்தாள். மாவால் வாய் கட்டிய மண்சட்டியில் பிரியாணி வந்தது. உடைத்தபோது நெய் மணம் மேசையெங்கும் விரிந்தது.

கஜானியின் தட்டு மட்டும் வைத்தபடி இருந்தது.

யாரும் வீட்டைப் பற்றி அவளிடம் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் அவளுக்கு வியப்பாக இருந்தது. வளவு அம்மாவின் பேரில் இருந்தது, உண்மைதான். சுனாமியில் கடல் வந்து பழைய வீட்டை அள்ளிக்கொண்டு போனபின் அந்த வளவில் ஒரு தென்னையும் ஒரு கிணறும்தான் மிஞ்சியிருந்தன. இருபத்தொரு வயதில் ஜோர்தானுக்குப் போய் உடுப்புத் தொழிற்சாலையில் காற்சட்டைக்கு இடுப்புப் பட்டி தைக்கும் வரிசையில் இருந்தாள். அதே பட்டி, அதே தையல். அந்தச் சம்பளத்தில்தான் வீடு எழும்பியது. விடுதியில் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்துக்கொண்டு, அப்பா போனில் அனுப்பிய படங்களைப் பார்ப்பாள். இண்டைக்குத் தூண் எழும்பிட்டு. இண்டைக்கு நிலை வெச்சாச்சு. யன்னலுக்கு நீலம் அடிக்கச் சொன்னது அவள். முன்னறையில் மெஷின் போட வெளிச்சம் வரவேண்டும் என்று யன்னலை அகலப்படுத்தச் சொன்னதும் அவள். திரும்பி வந்து அந்த அறைக்குள் காலை வைத்தபோது, அங்கே ஏற்கெனவே பல வருசம் குடியிருந்தவள் போலத்தான் நடந்தாள்.

இந்த மனிதர் கெட்டவர் இல்லை. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. அதனால்தான் வாய் திறப்பது கடினமாக இருந்தது.

"நான் ஒண்டு கேக்கட்டா?"

உதயரூபன் தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"கேளுங்க கஜானி."

"அங்க எனக்குச் சரிவராட்டி நான் எங்க வாற?"

"ஏன் சரிவராம?" அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார்.

"வரும். வராட்டி எண்டு கேக்கன். வீட்ட வேற ஆருக்கும் எழுத வேணாம். அது என்ட பேருக்கு வரட்டும். தங்கச்சி அதில இரிக்கட்டும், எவ்வளவு காலம் எண்டாலும் இரிக்கட்டும். நான் எழும்பு எண்டு சொல்லமாட்டன்."

"இரிக்கிறதுக்கு நிலோஜன்ட அம்மா விடமாட்டாங்க" என்றாள் கம்சாயினி. "எழுதினாத்தான் எண்டு சொல்லிட்டாங்க. உனக்குத் தெரியுந்தானே அக்கா. நீ அங்க போய் இருந்துக்கு இந்த வீட்ட என்ன செய்யப் போறாய்?"

"தெரியா. அது நிக்கட்டும்."

"வீடு நிக்கும். நான் எத்தின காலம் நிக்கிற?"

தங்கை சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

சீதேவிப்பிள்ளை அவசரமாகக் குனிந்து அவள் தொடையைத் தட்டினாள். "புள்ள, என்ன கதை இது. நாங்க சாப்பிட்டுட்டமே."

"நீங்க சாப்பிட்டீங்கம்மா. நான் இன்னும் சாப்பிடல்ல."

ஆச்சிப்பிள்ளை கரண்டியைக் கீழே வைத்தார். தம்பியின் பக்கம் திரும்பினார். "அந்தப் புள்ள சொல்றதிலயும் பிழையில்ல தம்பி. என்ட மனிசன் செத்தாப்பொறகு எனக்கு அம்மா தந்த வீடு இல்லாட்டி நான் எங்க கிடந்திருப்பன்? நீ லீவில வந்தா எங்க வந்து பெட்டிய இறக்குறாய்?"

"அது வேற அக்கா."

"எப்பிடி வேற?"

அவர் கைத்துண்டால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு கஜானியைப் பார்த்துச் சொன்னார்: "என்னோட வேலை செய்ற ஒரு ஆளுக்கு ஊரிலயிருந்து பொண்ணு வந்திச்சு. வந்த பெட்டிய அவிழ்க்கவேயில்ல. சின்னக் கோவம் வந்தாலும் 'எனக்கு வீடு இரிக்கி, நான் போறன்' எண்டுதான் கதை. ஒரு நாள் போயிட்டு. அந்த ஆள் இப்ப குடிக்கிறான். நான் தனிய இருந்து களைச்சுட்டன் கஜானி. திரும்பிப் போக ஒரு இடத்த வெச்சிட்டு வாறவங்களோட எனக்கு ஏலாது. கோவத்தில சொல்லல்ல."

"விளங்குது" என்றாள் அவள். "நானும் கோவத்தில சொல்லல்ல."

கதிர்காமத்தம்பி பிரியாணிப் பிடியைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கையை உதறினார். கம்சாயினி எழும்பிக் கை கழுவும் இடத்தைத் தேடிப் போனாள். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் றுமைஸா இனிப்பைக் கொண்டுவந்து, மேசையின் நிலையைப் பார்த்து, வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். உதயரூபன் வாங்கி வைத்தார்.

வெளியே வந்தபோது அவர், "நாங்க வந்த வான் நிக்கிது, அதில கொண்டு விடுறன் மாமா, வெயில்" என்றார். கதிர்காமத்தம்பி மகளின் முகத்தைப் பார்த்தார்.

"பஸ் இரிக்கி" என்றாள் கஜானி. "நீங்க சாப்பாடு தந்தீங்க, நான் சாப்பிடல்ல. மனசில வெச்சிரிக்க வேணாம்."

"மனசில வெக்காம இரிக்கிறதுதான் கஷ்டம்" என்றார் அவர். அப்படிச் சொல்லிவிட்டு அக்காவின் கையைப் பிடித்து மெதுவாகப் படியில் இறக்கினார்.

கல்லடிப் பாலத்தைக் கடந்து ஓட்டோவில் நால்வரும் டவுனுக்கு வந்தார்கள். பஸ் நிலையத்தில் வாழைச்சேனை பஸ் வரச் சுணங்கும் என்றார்கள். கம்சாயினி சீமெந்து வாங்கில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தகப்பன் போய்ப் பக்கத்தில் இருந்தார்.

கஜானி எதிரே இருந்த சின்னச் சாப்பாட்டுக் கடைக்குள் போனாள். தாயும் பின்னால் வந்து எதிரில் இருந்தாள். காற்றாடி சுற்றச் சுற்ற ஒரு பக்கம் இழுத்துக் கிறீச்சிட்டது. ரொட்டியும் பருப்பு ஆணமும் வந்தன.

"இனி ஆரு வருவாங்க உனக்கு" என்றாள் சீதேவிப்பிள்ளை. குரலில் கோபம் இல்லை.

கஜானி ரொட்டியைப் பிய்த்தாள்.

"தங்கச்சிட முகத்தப் பாக்க ஏலாம இரிக்கி. அந்த அத்திவாரம் அப்பிடியே கிடக்கு. உனக்கும் தைக்கத் தெரியும். ஜோர்தானுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரன் போன மாசமும் கேட்டான், உன்ன மாதிரி அனுபவம் உள்ள ஆக்கள எடுக்கிறாங்களாம். ஒரு ரெண்டு வருசம்..."

"ஏலாதும்மா."

"நான் போ எண்டு சொல்லல்ல புள்ள."

"தெரியும். எனக்கு இடுப்பு ஏலாது. கண்ணும் ஏலாது. அவளுக்கு என்னால ஏலுமானதச் செய்வன், இஞ்ச இருந்து. இதுக்கு மேல ஏலாது."

சீதேவிப்பிள்ளை கையால் கண்ணைத் துடைத்துவிட்டு வாங்கில் இருந்த இளையவளின் முதுகைப் பார்த்தாள். அங்கேயும் கண்ணை வைத்திருக்க அவளால் முடியவில்லை. மேசையின் தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆணம் உறைப்பாக இருந்தது. கஜானி நிறுத்தாமல் சாப்பிட்டாள். தட்டில் இருந்தது முடிந்ததும் கடைக்காரரைப் பார்த்து, இன்னொரு ரொட்டி தரச் சொன்னாள்.